கேள்வியையும் சேர்த்து

படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் வீட்டைக் கலைப்பதுதான். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுப்பார்கள். மேஜைமேல் கிடக்கும் மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி, கரண்ட் பில் எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலில் போடுவார்கள். மின்விசிறியை நிறுத்துவார்கள். பிறகு சுவரில் இருக்கும் அவள் கணவனின் புகைப்படத்தைக் கழற்றி, கேமராவுக்குள் விழுகிற மாதிரி வேறு இடத்தில் ஆணி அடித்து மாட்டுவார்கள். போகும்போது ஒன்றையாவது பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போவார்களா என்றால் மாட்டார்கள். இதுவரை எத்தனை குழு வந்துபோனது என்று அந்தச் சுவரின் ஓட்டைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். உயிரோடு இருந்த காலத்தில்கூட அந்த மனிதர் இத்தனை இடம் மாறியதில்லை.

தெருவில் அவளுக்குப் ‘படக்காரம்மா’ என்று பெயர். புதிதாகக் குடிவந்த ஒருத்தி, ஏதோ பழைய நடிகை போலிருக்கிறது என்று நினைத்து, கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் நடந்தது. இவள் நடித்தவள் இல்லை. தொழிற்சாலையில் பாய்லர் வெடித்து எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் இவள் கணவர். மற்ற ஏழு வீட்டுப் பெண்களில் சிலர் வாயைத் திறந்ததுமே அழுதார்கள், சிலர் வாயையே திறக்கவில்லை. இவள் ஒருத்திதான் ஆரம்பம் முதல் முடிவு வரை கோவையாகச் சொன்னாள். அப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான். ஆவணப்படக்காரர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் முகவரி வாங்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். வழக்கு நடக்கும்போது வந்தார்கள். தீர்ப்புக்கு வந்தார்கள், மேல்முறையீட்டுக்கு வந்தார்கள். தொழிற்சாலையை இடித்து அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டியபோதும் வந்தார்கள்.

வந்த எல்லோருக்கும் அவள் சொன்னது ஒரே கதை.

“அன்னிக்குக் காலையில அவரு சைக்கிளை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்பினாரு. தெருமுனைக்குப் போனதும் அவரு நின்னு திரும்பிப் பார்த்தாரு. வாசப்படியில என் பையன் நின்னுக்கிட்டிருந்தான். அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாரு. அதுதான் கடைசி.”

‘அதுதான் கடைசி’ என்றதும் நிறுத்திவிடுவாள். அந்த இடத்தில் கேமரா கொஞ்சம் முன்னால் வரும் என்பது அவளுக்குத் தெரியும். எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும், எப்போது முந்தானையைத் தொட வேண்டும் என்பதெல்லாம் பழகிப்போயிருந்தது. அழுகையும் அந்த இடத்துக்கு வந்தால் தானாக வரும். இத்தனைக்கும் அது பொய்யழுகை இல்லை. கண்ணை மூடினால் இன்றைக்கும் தெருமுனையில் அந்த முதுகும், திரும்புகிற முகமும், ஆட்டுகிற கையும் தெரியும்.

அந்தக் கதையை மனப்பாடமாக வைத்திருந்த இன்னொருவன் அவள் மகன். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. அப்பாவின் குரல் நினைவில்லை, நடை நினைவில்லை, எதுவும் நினைவில்லை. அப்பன் சொத்து என்று அவனுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு பார்வை மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தெருமுனையில் நின்று, திரும்பி, வாசலில் நிற்கிற அம்மாவுக்குக் கையை ஆட்டிவிட்டுத்தான் போவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறான், தோளில் கனமான கருவிப் பையோடு போகிறான், மீசை வந்து, லேசாகத் தொந்தியும் வரப் பார்க்கிறது. ஆனாலும் தெருமுனையில் பைக்கை நிறுத்திக் கையை ஆட்டாமல் ஒரு நாளும் போனதில்லை. அவளும் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டது போட்டபடி வாசலுக்கு வந்து நிற்பாள்.

இன்னொரு பழக்கமும் அந்தப் படங்களால் வந்து ஒட்டிக்கொண்டது. முதன்முதலில் படம் எடுத்தவர் ஒரு தாடிக்காரர். அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. “என் குரல் படத்துல வராதும்மா, வெட்டிடுவோம். நீங்க பதிலை மட்டும் சொன்னா, கேக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதனால என் கேள்வியையும் சேர்த்து முழுசாச் சொல்லணும். எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு கேட்டா, ‘மூணு வருஷம்’னு சொல்லக்கூடாது. ‘நான் மூணு வருஷமா இங்க இருக்கேன்’னு சொல்லணும். சரியா?” சரி என்றவள்தான், அதன்பிறகு எல்லாக் கேள்விக்கும் அப்படியே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் வேலை பார்ப்பது மருத்துவமனையின் சலவைப் பிரிவில். வந்து குவிகிற படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க மடித்து அடுக்க வேண்டும். “மூணாவது வார்டு மூட்டை வந்துச்சா?” என்று மேற்பார்வையாளர் கேட்டால், “மூணாவது வார்டு மூட்டை காலையிலேயே வந்துருச்சு” என்பாள். எதிர்முனையைப் பிடித்து விரிப்பு மடிக்கிறவள், “ஆரம்பிச்சுட்டா! கேமரா எங்கடி இருக்கு, சொல்லு, நானும் தலையை வாரிக்கிறேன்” என்று சிரிப்பாள். வீட்டில் மகனும் விடமாட்டான். “சாப்டியான்னுதானேம்மா கேட்டேன்? கேமரா ஓடலை. ‘ம்’னு சொன்னாப் போதும்.”

இந்த முறை போனில் பேசிய டைரக்டர் ஒரு பெண். கடைசியாக ஒரே ஒரு தடவை என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முடியாது என்று சொல்லியிருக்கலாம், ஆனால் மறுப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். இவளுக்கு இடுப்பு வலி. மறுத்தால் மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி மறுக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் ஒரு மத்தியானத்தோடு போய்விடும் என்று கணக்குப் போட்டு, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

வந்தது மூன்று பேர். கேமரா பிடிக்கிறவர்களுக்கும் ஒலி பதிவு செய்கிறவர்களுக்கும் மனசுக்குள் அவள் எப்போதோ பெயர் வைத்திருந்தாள்: கண்ணுக்காரர், காதுக்காரர். கண்ணுக்காரர் வழக்கம்போல நாற்காலியை இழுத்தார், புகைப்படத்தைக் கழற்றினார். காதுக்காரர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமான ஆள். ஃப்ரிட்ஜின் இரைச்சல் பதிவில் விழும் என்று சுவிட்சை அணைத்தவர், தன் பைக் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் பால் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தார்.

“என்னங்க, சாவிக்கு வேர்க்குதா?” என்றாள்.

“இல்லம்மா, சாவி இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது பாருங்க. எடுக்க வரும்போது சுவிட்சைப் போட்டுடுவேன். இல்லாட்டி மறந்துடும்.”

அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. “நீங்கதான் உருப்படியான ஆளு. போன தடவை வந்தவங்க சமுதாயத்தையே மாத்தப்போறோம்னு பேசிட்டு, என் பாலைத் திரிய விட்டுட்டுப் போனாங்க.”

மகனுக்கு அன்று விடுமுறை. சமையலறை நிலையில் சாய்ந்து, டீ கிளாஸோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானை ஓரத்தில் மைக்கைக் குத்துவார்கள், தண்ணீர் வேண்டுமா என்பார்கள், விளக்கைத் திருப்புவார்கள், எல்லாம் முடிந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே, சீக்கிரம் முடிந்து இவர்கள் கிளம்பினால் சரி என்று, “அன்னிக்குக் காலையில அவரு…” என்று தொடங்கிவிட்டாள்.

“அது வேண்டாம்மா” என்றாள் டைரக்டர். “அது எல்லாப் படத்துலயும் இருக்கு. இன்னிக்கு நான் உங்களுக்கு ஒண்ணு காட்டலாம்னு வந்தேன்.”

விஷயத்தைச் சொன்னாள். தாடிக்காரர் போன வருடம் காலமாகிவிட்டார். வீட்டை ஒழித்த அவர் மனைவி, பெட்டி பெட்டியாக இருந்த டேப்புகளை இந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தார். படத்தில் வந்தது கொஞ்சம், வெட்டிப் போட்டது நிறைய. அந்த விபத்தைப் பற்றி இத்தனை காலமாக எடுத்த படங்கள் எதைச் சொல்லின, எதை விட்டன என்பதுதான் இப்போது எடுக்கும் படம். படங்களைப் பற்றி ஒரு படம். ஆட்கள் தீர்ந்துபோய்விட்டார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“முதல் நாள் உங்களை எடுத்தது, வெட்டாம அப்படியே இருக்கு. நீங்க பார்க்கணும்னு நினைக்கிறேன். நீங்க பார்க்கறதை நாங்க எடுப்போம்.” டைரக்டர் கொஞ்சம் தயங்கினாள். “தனியாப் பார்க்கறீங்களா? தம்பி கொஞ்ச நேரம் வெளியில…”

“எதுக்கு? அவன் இருக்கட்டும். அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.”

“நிச்சயமாவாம்மா?”

“அவனுக்கும் சின்ன வயசு முகத்தைப் பார்க்கணும்னு இருக்காதா?” என்றாள். அன்று அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார்கள். திரையில் பழைய வாடகை வீடு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், மடியில் குழந்தை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, எண்ணெய் இல்லாத தலையோடு, பார்க்கவே பரிதாபமாக இருந்தாள். யாரோ பெற்ற பெண்ணைப் பார்ப்பது போலத்தான் முதலில் அவளுக்கு இருந்தது. மகன் கிட்ட வந்து, மடியிலிருந்த குழந்தையைப் பார்த்து, “என்னம்மா இது, இப்படி உருண்டையா இருந்திருக்கேன்!” என்று சிரித்தான்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து தாடிக்காரரின் குரல் கேட்டது. முந்தின நாளிலிருந்து சொல்லச் சொன்னார். திரையில் இருந்த பெண் சொன்னாள்.

“முந்தின நாள் ராத்திரி பையனுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிச்சுது. என்கிட்ட வரவே மாட்டேன்னு ஒரே அழுகை. அவருதான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு. கீழ படுக்கவச்சா அழுவான், தோள்ல போட்டா நிறுத்துவான். விடிய விடிய நடந்துக்கிட்டே இருந்தாரு. நீ படுத்துக்கன்னு என்னைச் சொல்லிட்டாரு. விடியற நேரத்துலதான் ரெண்டு பேரும் கண்ணசந்தாங்க. அதான் எந்திரிக்க நேரமாயிடுச்சு. மூஞ்சியக்கூடச் சரியாக் கழுவலை. ஓடினாரு.”

நாற்காலியில் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, ஆமாம். நடந்தார். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். எப்படி மறந்தது? ஒரு மனுஷி எதை வேண்டுமானாலும் மறக்கலாம், அதை எப்படி மறந்தாள்?

டேப் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தாடிக்காரர் கேட்டார்: “இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாம்மா?”

“இல்லைங்க.”

“சொல்லாதீங்க. ஆளுங்க வேலை நேரத்துல தூங்கிட்டாங்க, அதனாலதான் வெடிச்சதுன்னு கம்பெனிக்காரன் கோர்ட்டுல சொல்லிக்கிட்டிருக்கான். ராத்திரி பூரா அவரு தூங்கலைன்னு உங்க வாயாலயே சொன்னா, அவனுக்கு அது போதும். உங்க கேஸ் மட்டும் இல்லை, எட்டு வீட்டுக் கேஸும் போயிடும். புரியுதா?”

அந்தப் பெண் பயந்துபோய்த் தலையாட்டினாள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, காலையிலிருந்து ஆரம்பிப்போம். போகும்போது திரும்பிப் பார்த்தாரா?”

“நான் உள்ள இருந்தேங்க. அடுப்புல பாலு இருந்துச்சு.”

“பையன்?”

“தூங்கிட்டிருந்தான்.”

“பெத்த பிள்ளையை ஒரு தடவை பார்க்காமலா போயிருப்பாரு? யோசிச்சுப் பாருங்க.”

அந்தப் பெண் யோசித்தாள். முகத்தில் அது நன்றாகத் தெரிந்தது. “பார்க்காமப் போற ஆளு இல்லைங்க” என்றாள்.

“அதைத்தான் கேக்கறேன். கேள்வியையும் சேர்த்து, முழுசாச் சொல்லுங்க.”

“போகும்போது அவரு திரும்பிப் பார்த்தாரு.”

“யாரை?”

“பையனைத் திரும்பிப் பார்த்தாரு.”

“கையை ஆட்டினாரா?”

“கையை ஆட்டினாரு.”

வாத்தியாருக்கு முன்னால் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல, வரிசை தவறாமல் சொன்னாள். ஏதோ சரக்கு வண்டி சத்தம் வந்துவிட்டது, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். மறுபடி சொன்னபோது வாசப்படியும் தெருமுனையும் சேர்ந்துகொண்டன. மூன்றாவது தடவை சொல்லும்போது, ‘அதுதான் கடைசி’ என்று தானாகவே ஒன்று வந்து விழுந்தது. உடனே அழுதாள், குலுங்கிக் குலுங்கி. குழந்தையும் பயந்து அழுதது. “போதும், நிறுத்து” என்ற தாடிக்காரரின் குரலும் உடைந்துபோய்த்தான் இருந்தது.

டேப்பில் அடுத்ததாக ஒரு தெரு. சைக்கிளில் ஒருவர் போய்த் தெருமுனையில் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். கொஞ்சம் மெதுவாக என்று யாரோ கத்தினார்கள், திரும்ப வந்து திரும்பப் போனார். அது அவர்களின் வேன் டிரைவர். ஒரு சட்டை கொடுங்களேன் என்று கேட்டு, அவள் கணவரின் கட்டம் போட்ட சட்டையை வாங்கிப் போட்டுவிட்டிருந்தார்கள். இத்தனை காலமாகக் கண்ணை மூடினால் தெரிந்த முதுகு யாருடையது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கணவரின் முகத்தைக் கொண்டுபோய் அந்த முதுகுக்கு ஒட்டவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

டைரக்டர் லேப்டாப்பை மூடினாள். மின்விசிறி இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை, வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அவள் திரும்பி மகனைப் பார்க்கப் பயந்தாள். விபத்து நடந்த அன்றுகூட இந்தப் பயம் இல்லை. அன்றைக்குப் போனது அவளுடையது. இன்றைக்குப் போவது அவனுடையது.

“அப்பா திரும்பிப் பார்க்கலையா?” என்றான்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான முழு வாக்கியம் தொண்டை வரை வந்தது. பார்த்தாருடா, இதெல்லாம் அந்த ஆள் சொல்லச் சொன்னது, ஆனா நிஜமாவே பார்த்தாரு என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். நம்பிவிடுவான், நம்பத்தான் அவனுக்கு ஆசை. அவள் அதை மென்று விழுங்கினாள்.

“ம்ஹூம்” என்றாள்.

அவன் டீ கிளாஸை மேஜையில் வைத்தான். வைத்தவன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான். “அப்ப என்னாலதான் தூங்காமப் போனாரா?”

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இருந்த அசதியெல்லாம் எங்கே போனதோ, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

“நல்லாத் தூங்கிட்டு வந்த ஏழு பேரும்தான்டா செத்தாங்க! வால்வு துருப்பிடிச்சு அடைச்சுக்கிச்சுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. கம்பெனிக்காரன் எத்தனையோ பேர் மேல பழி போட்டான், ஒன்றரை வயசுப் பிள்ளையோட காய்ச்சல் மேல போட அவனுக்கே தோணலை. உனக்கு ஏன்டா தோணுது?”

அவன் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனான். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பைக்கின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“மன்னிச்சுடுங்கம்மா. நிறுத்திடட்டுமா?” என்றாள் டைரக்டர். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நாற்காலியில் இருந்தவள் மடியில் கிடந்த மைக்கைப் பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தாடிக்காரரைத் திட்டலாம் என்றால், அந்த மனிதர் கோர்ட் வராந்தாவில் இவர்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் உட்கார்ந்தவர். வக்கீல் பிடித்துக் கொடுத்தவர். அவர் படத்தைப் பார்த்துத்தான் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், எட்டு வீட்டுக்கும் நியாயம் கிடைத்தது. அவர் செய்ததில் அன்றைக்குத் தப்பே இல்லை. ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு ஒரு பார்வையைக் கொடுத்தார். கேஸுக்காக மறைக்கச் சொன்னதை, கேஸ் முடிந்த பிறகாவது மகனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவள் இவள்தான். அதற்குள் அது இவளுக்கே இல்லாமல் போயிருந்தது. செத்தவரையும் திட்ட முடியவில்லை, தன்னைத் திட்டிக்கொள்ளவும் தெம்பில்லை.

“இதைப் படத்துல போடுவியாம்மா?” என்று கேட்டாள். இவ்வளவு நேரம் ‘நீங்க’ என்று பேசியவள், தன்னையறியாமல் ஒருமைக்கு வந்திருந்தாள்.

“நீங்க வேண்டாம்னா போடமாட்டேன்.”

“போட்டுக்க. ராத்திரி பூரா தூக்கிட்டு நடந்தாருல்ல, அதைப் போடு. அதுக்கப்புறம் அந்தத் தாடிக்காரரு கேட்டாரு பாரு, அதையும் போடு. நான் சொன்னதை மட்டும் போடாதே. கேள்வியையும் சேர்த்துப் போடு.”

“போடறேன்மா.”

“இப்ப நீ கேக்கறதையும் வெட்டக்கூடாது.”

“வெட்டமாட்டேன்.”

காதுக்காரர் தொண்டையைச் செருமினார். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்துகொள்வது அவர்கள் வழக்கம். வெட்டி ஒட்டும் இடங்களில் இடைவெளி தெரியாமல் இருக்க அது தேவைப்படுமாம். இந்த நேரத்தில் கேட்பதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது. “ஒரு நிமிஷம்மா… எல்லாரும் அப்படியே அசையாம இருந்தா…”

எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு நடுவில் மகன் உள்ளே வந்தான். ஆளாளுக்குச் சிலை மாதிரி இருப்பதைப் பார்த்து, அவனும் எட்டு வைத்த இடத்திலேயே நின்றுவிட்டான். அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. பேசவும் முடியாது.

“நன்றிங்க” என்றார் காதுக்காரர்.

அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். சங்கடத்தில் யாருக்கும் எதுவும் நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காதுக்காரர் மட்டும் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தார், ஃப்ரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்தார், சுவிட்சைப் போட்டார். பால் திரியவில்லை. புகைப்படம் மட்டும் புது ஆணியிலேயே தொங்கியது. மகன் அதைக் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டினான். மாட்டிவிட்டு அதன் முன்னால் நிற்காமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அவள் வாசலுக்கு வந்து நின்றாள். பைக் தெருமுனைக்குப் போயிற்று. நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. திரும்பி மறைந்துவிட்டது.

வெறும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அவன் அப்பாவும் இப்படித்தான் போயிருப்பார், திரும்பிப் பார்க்காமல், அவசரமாக. உண்மையைச் சொல்லப்போனால் இன்றைக்குத்தான் அப்பனைப் போலப் போகிறான். அந்த அப்பன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. சலவைப் பிரிவில் அன்று முழுக்க அவள் விரிப்புகளைக் கோணலாக மடித்தாள். எதிர்முனையைப் பிடித்தவள் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். “உடம்பு சரியில்லையாடி?” என்று கேட்டதற்கு, “இல்லை” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் கேலி செய்ய வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

சாயங்காலம் பைக் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அவன் வந்தான், பையை இறக்கினான், கையிலிருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். டீயை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். டீயைக் குடிக்காமல் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். கேட்கலாமா வேண்டாமா என்று உள்ளுக்குள் புரட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. சின்னப் பையனாக இருந்தபோது, அப்பா கையை ஆட்டின கதையை இன்னொரு தடவை சொல்லு என்று கேட்பதற்கு முன்னால் இப்படித்தான் இருப்பான்.

“அம்மா.”

“ம்.”

“எந்தத் தோள்லம்மா போட்டிருந்தாரு?”

அவள் அவனைப் பார்த்தாள். இருபத்து நாலு வயசு ஆள், ஒரு வார்த்தைக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது தோள் என்று சொன்னால் போதும். ஆயுசுக்கும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வான். நாளைக்குப் பெண்டாட்டியிடம் சொல்வான், பிள்ளை பிறந்தால் வலது தோளில்தான் போட்டுக்கொள்வான். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். நடக்கிற கால்கள் தெரிந்தன, சுவர் தெரிந்தது, குழந்தையின் அழுகை நின்று நின்று கேட்டது. தோள் தெரியவில்லை.

“தெரியலைடா” என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மூலையில் கிடந்த கருவிப் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

“ராத்திரி பூரான்னா ஒரே தோள்ல முடியாதும்மா. வலிக்கும். மாத்தி மாத்தித்தான் போட்டிருப்பாரு.”

“இருக்கும்” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவள் சேர்க்கவில்லை.